எஞ்சினில் தங்காத எண்ணெய்

1909-இல் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் வாகன எஞ்சின்களுக்கான தன் புதிய மசகு எண்ணெயில் ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்து, அதன் ஆங்கிலப் பெயரை ஒட்டியே ‘காஸ்ட்ரால்’ என்று பெயரிட்டது. முதல் உலகப் போரில் வானில் பறந்த சுழல் எஞ்சின்களும் ஆமணக்கு எண்ணெயையே நம்பியிருந்தன. அவற்றில் பெட்ரோல் கலவை கிராங்க்கேஸ் வழியாகவே உருளைகளை அடைந்தது. கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்து நீர்த்துவிடும். ஆமணக்கு எண்ணெய் எளிதில் கரையாது. அதன் கொழுப்பமிலங்களில் பெரும்பகுதியான ரிசினோலெயிக் அமிலத்திலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியே அக்குணத்துக்கும், உயர்ந்த பாகுத்தன்மைக்கும், உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலுக்கும் காரணம்.

இவ்வெற்றியைப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சுழல் எஞ்சினில் எண்ணெய் திரும்பி வருவதில்லை. ஒருமுறை உயவூட்டிவிட்டுப் புகையோடு வெளியேறிவிடும். (விமானிகளின் வயிற்றைக் கலக்கிய கதை அங்கிருந்து பிறந்தது.) கெட்டுப்போகும் அளவுக்கு அது எஞ்சினுக்குள் தங்கவே இல்லை. டீசல் எஞ்சினிலோ அதே எண்ணெய் வெப்பத்திலும் புகைக்கரியிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உழல வேண்டும். தாவர எண்ணெய்களின் இரட்டைப் பிணைப்புகளும், கிளிசரால் பகுதியிலுள்ள பீட்டா ஹைட்ரஜனும் அங்கே பலவீனமாகின்றன. எண்ணெய் ஆக்சிஜனேற்றமடைந்து தடித்துப் பிசினாகிறது. தாவர எண்ணெய் தோற்றது உராய்விலன்று, ஆயுளில்.

நானோ துகள்களின் வருகை வேறொரு வழியில் நிகழ்ந்தது. 1992-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரெஷெஃப் டென்னே குழுவினர் டங்ஸ்டன் டைசல்ஃபைடின் உள்ளீடற்ற நானோ கட்டமைப்புகளை விவரித்தனர். 1997-இல் அவற்றின் உயவுத்திறன் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. இன்று இந்திய ஆய்வகங்களில் புங்கம், ஆமணக்கு, வேம்பு எண்ணெய்களில் காப்பர் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்து பார்க்காத பொறியியல் துறை அரிது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மையிட்ட நம்மவர்களை நானோ முன்னோடிகள் என்று கொண்டாடுவது மிகை. எனினும் எண்ணெயோடு திண்மத் துகளைச் சேர்க்கும் எண்ணம் புதிதன்று.

அவ்வாய்வுகளுள் பல, நான்கு குண்டுச் சோதனையில் உராய்வுக் கெழு குறைந்ததைக் காட்டி முடிந்துவிடுகின்றன. வரலாறு எழுப்பிய கேள்வி அதுவன்று. தாமிரம் எண்ணெயின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தக்கூடிய உலோகம். உராய்வைக் குறைக்கச் சேர்த்த துகளே ஆயுளையும் குறைக்கலாம். போதாக்குறைக்கு, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை 6 விதிகளால் புதிய டீசல் வாகனங்களில் துகள் வடிகட்டி இடம்பெற்றுவிட்டது. அதில் சேரும் புகைக்கரி எரிந்து நீங்கும். எண்ணெயிலுள்ள உலோகம் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது, துளைகளை அடைத்துக்கொண்டே போகும். காலங்காலமாகத் தேய்மானத்தைத் தடுத்துவந்த துத்தநாக டைதயோபாஸ்பேட்டையே இதன்பொருட்டு அளவாகச் சேர்க்கும் காலத்தில், புதிதாக ஓர் உலோக ஆக்சைடைப் பரிந்துரைக்கும் ஆய்வேடு முதலில் தர வேண்டியவை இரண்டு: சாம்பலின் அளவும், அந்த எண்ணெய் எஞ்சினில் ஓடிய மணிக்கணக்கும்.