காவி என்னும் வெக்டர்

ஒரே பொருளுக்குத் தமிழ் இரண்டு கரைகளில் இரண்டு விதமாகப் பெயர் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் வெக்டர் என்றும் திசையன் என்றும் எழுதுவதை இலங்கையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் காவி என்று படிக்கிறார்கள். நம் காதுக்கு அந்தச் சொல் முதலில் துறவியின் உடையைத்தான் நினைவூட்டும். ஆனால் செம்மண் நிறத்தைக் குறிக்கும் அந்தக் காவி வேறு. இது காவு என்னும் வினையடியின் மேல் இகர விகுதி ஏறி வந்தது: தாங்குவது தாங்கி, ஏந்துவது ஏந்தி, காவுவது காவி. காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். பழம்பாணர்கள் இசைக்கருவிப் பைகளை இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் வைத்துக்கொண்ட தண்டுக்குக் கா என்று பெயர். காவடிக்குள் இருப்பதும் அந்தக் கா தான். நம் பேச்சில் காவு என்ற வினை ஏறக்குறைய மறைந்துவிட்டது, யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ இன்றும் மூட்டையைக் காவிக்கொண்டுதான் போகிறார்கள்.

திசையன் நல்ல சொல்தான், அதோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அது பெயரைப் பெயர்த்த சொல் அன்று, வரையறையைப் பெயர்த்த சொல். அளவும் திசையும் உடையது என்று பாடநூல் சொல்கிறதே, அந்த வாசகத்திலிருந்து திசையைப் பிடித்துக்கொண்டு உருவானது. இலங்கைச் சொல்லாக்கக்காரரோ பெயரின் வேரையே தொட்டிருக்கிறார். இலத்தீனில் சுமந்து செல்லுதலைக் குறிக்கும் வெகெரே என்ற வினையிலிருந்து பிறந்ததே வெக்டர். அதற்கும் வடமொழியின் வஹ் என்ற அடிக்கும் மூலம் ஒன்று என்பது மொழிநூலார் முடிவு. ஆகவே நம் தெருவில் ஓடும் வாகனமும், மணமகளைக் கொண்டு செல்லும் விவாகமும் வெக்டருக்கு ஒன்றுவிட்ட உறவுகள். இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு குறும்பும் உண்டு: சுமப்பவனும் வெக்டர், கப்பலிலோ குதிரையிலோ சுமக்கப்பட்டுப் போகிற பயணியும் வெக்டர். இந்த இரட்டைப் பொருளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிவியலுக்குள் இச்சொல்லை முதலில் கொண்டுவந்தவர்கள் வானியலார். கதிரவனிலிருந்து கோளுக்கு இழுக்கும் கற்பனைக் கோட்டை, கோளைச் சுமந்து சுழற்றும் ஆரமாக எண்ணி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெக்டர் என்றார்கள். அங்கிருந்து அதைக் கணிதத்துக்குள் நிலையாகக் குடியேற்றியவர் டப்ளின் நகரத்து வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்து போனவர், புரூம் பாலத்தருகே ஒரு சமன்பாடு மனத்தில் பளிச்சிட, பேனாக்கத்தியால் அதைப் பாலத்துக் கல்லிலேயே கீறிவைத்தார். மூன்று கற்பனை அலகுகள். ஒவ்வொன்றின் வர்க்கமும் மைனஸ் ஒன்று, மூன்றையும் வரிசையாகப் பெருக்கினாலும் மைனஸ் ஒன்று. ஓர் உண்மை எண்ணோடு இந்த மூன்றும் சேர்ந்த நான்கன் தொகுதிக்கு குவாட்டர்னியன் என்று பெயரிட்டார்.

மூன்று ஆண்டு கழித்து அதன் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டியிருந்தது. தனித்து நிற்கும் எண்ணுக்கு, ஏணியைக் குறிக்கும் ஸ்காலா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ஸ்கேலர் என்று வைத்தார். கீழிருந்து மேலாக ஒரே ஏணியில் எல்லா எண்களும் படிகளாக நிற்கின்றன அல்லவா? (இலங்கையார் இதை எண்ணி என்கிறார்கள், காவிக்கும் எண்ணிக்கும் விகுதி ஒன்றே என்பது காதுக்கு இனிமை.) மற்ற மூன்றும் சேர்ந்த பகுதிக்கு வெக்டர் என்று வைத்தார். வெறும் பழக்கத்தால் வைத்த பெயர் இல்லை என்பதற்கு அவரே சான்று தந்திருக்கிறார். 1853இல் வெளியான தம் விரிவுரை நூலில் புறப்படும் புள்ளிக்கு வெகெண்ட், போய்ச்சேரும் புள்ளிக்கு வெக்டம் என்று பெயர் சூட்டுகிறார். தமிழில் காவப்பட வேண்டியது, காவப்பட்டது என்று சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே கொண்டு சேர்ப்பது காவி. ஒரே வினையின் எதிர்காலமும் கடந்தகாலமும் இரண்டு புள்ளிகளாக நிற்க, நடுவில் வேலை நடக்கிறது. பெயர் வைப்பதில் இவ்வளவு இலக்கணம் பார்த்த கணிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

பிறகு அந்த வேலை மறந்துபோயிற்று. 1880களில் அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் குவாட்டர்னியனைப் பிரித்து, வெக்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, இயற்பியலுக்கு வசதியான இரண்டு பெருக்கல்களோடு தனிக்குடித்தனம் வைத்தார்கள். விசையும் மின்புலமும் யாரையும் எங்கும் சுமந்து செல்வதாகத் தோன்றாததால் அளவும் திசையும் மட்டும் வரையறையாக மிஞ்சின. சுமக்கும் பொருள் பிழைத்தது உயிரியலில்தான். மலேரியாவைக் கொண்டுவரும் கொசுவையும் வெக்டர் என்கிறார்கள். இலங்கையில் அதுவும் காவி, நம் பக்கம் கடத்தி.

கணிதத்தில் தொலைந்த பொருள் திரும்பி வந்தது இயந்திரக் கைகளின் வழியாக. மணிக்கட்டில் ஒரு கேமரா பொருத்திய இயந்திரக் கையை எண்ணிப் பாருங்கள். மேசைமேல் இருக்கும் கோப்பை கேமராவுக்கு எதிரே 40 சென்டிமீட்டரில், 5 சென்டிமீட்டர் வலப்பக்கமாகத் தெரிகிறது. இது கண்ணின் கணக்கு. கைக்கு முன், வலம், மேல் எல்லாமே வேறு. கண் சொன்ன எண்களை அப்படியே நம்பி நீட்டினால் கோப்பை கவிழும். கண் கண்டதைக் கையின் கணக்குக்குள் யாராவது காவிக் கொண்டுபோக வேண்டும். காட்சியையும் செயலையும் இணைப்பதற்கான இயற்கணிதச் சட்டகங்கள் என்றே தலைப்பிட்டு ஜெர்மனியின் கீல் நகரில் 1997இல் ஆய்வாளர்கள் கூடியபோது, ஹாமில்டனின் எண்களும் அவற்றை விரித்த கணிதர் கிளிஃபோர்டின் இயற்கணிதமும் மறுபடி மேசைக்கு வந்தன.

குவாட்டர்னியன் ஒரு வெக்டரைத் திருப்பும் முறையைச் சற்று அருகில் பார்க்கலாம். முன்பக்கம் ஒரு குவாட்டர்னியன், பின்பக்கம் அதன் இணையெண் (வெக்டர் பகுதியின் குறியை மட்டும் மாற்றியது), நடுவில் வெக்டர். முன்பக்கம் மட்டும் பெருக்கினால் பெரும்பாலும் விடையில் ஓர் எண்ணி ஒட்டிக்கொண்டு வருகிறது, அது தூய காவியாக இருப்பதில்லை. பின்பக்கமும் பெருக்கியதும் அந்த ஒட்டு கழிந்து, திரும்பிய வெக்டர் மட்டும் வெளிவருகிறது. 90 பாகை திருப்ப வேண்டுமானால் குவாட்டர்னியனுக்குள் எழுதும் கோணம் 45; முன்னது பாதி, பின்னது பாதி என்று பல்லக்குத் தூக்கிகளைப் போலச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படியானால் நடுவில் இருக்கும் வெக்டர் யார்? பயணி. இலத்தீன்காரன் ஒரே சொல்லுக்குள் வைத்திருந்த இரண்டு பொருளும், சுமப்பவன் சுமக்கப்படுபவன் ஆவதும், ஹாமில்டனின் இந்த ஒரு வரிக்குள் நடக்கிறது.

திருப்புவதோடு நகர்த்தவும் வேண்டுமே? அதற்காகக் கிளிஃபோர்டு 1873இல் குவாட்டர்னியனை இரட்டித்து எட்டு எண்களாக்கினார். எந்தத் திண்பொருளின் எந்த நகர்வையும் ஒரு கோட்டைச் சுற்றிய சுழற்சியும் அதே கோட்டின் வழியே வழுக்கலுமாக, அதாவது ஒரு திருகாகச் சொல்லிவிடலாம் என்பது அதற்கு முன்பே தெரிந்த தேற்றம். அந்தத் திருகை எட்டு எண்கள் மொத்தமாக ஏந்திக்கொள்கின்றன. இயந்திரக் கையை ஒருமுறை அசைத்தால் கை சென்ற திருகை மூட்டுகளின் கோணங்கள் சொல்லும், க என்போம். கேமரா சென்ற திருகை எதிரே வைத்த கட்டம்போட்ட பலகையின் காட்சி சொல்லும், ண என்போம். கைக்கும் கண்ணுக்கும் இடையிலான மறைந்த உறவு ம. சமன்பாடு இவ்வளவுதான்: க × ம = ம × ண. 1980களின் இறுதியிலிருந்து இயந்திரவியலார் இதைப் பல வழிகளில் தீர்த்துவருகிறார்கள். 1999இல் கோஸ்டாஸ் டானியிலிடிஸ் இந்த எட்டெண்களாலேயே தீர்த்துக் காட்டினார். அதில் ஓர் அழகு உண்டு. கையும் கண்ணும் ஒரே இரும்பில் பிணைந்திருப்பதால் இரண்டும் திருகும் கோணம் ஒன்றே, வழுக்கும் நீளமும் ஒன்றே. திருகின் அச்சை மட்டும் கை ஓரிடத்தில் காண்கிறது, கண் வேறோரிடத்தில் காண்கிறது. கண்ணின் அச்சைக் கையின் அச்சுக்குக் கொண்டு சேர்ப்பதே ம.

ஒரே அசைவு போதாது. கேமராவை அந்த அச்சின் வழியே சற்று வழுக்கி வைத்திருந்தாலும் அதைச் சுற்றிச் சற்றுத் திருப்பி வைத்திருந்தாலும் சமன்பாடு மாறாமல் ஒத்துப்போகும். ஆகவே இணையாகாத இரண்டு அச்சுகளிலாவது கையை அசைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைத் தமிழில் எழுதப் போகிறவர் ம என்பதைத் திசையன் என்று எழுத முடியாது, அதற்கென்று ஒரு திசை கிடையாது. இலங்கைப் பிள்ளைகளிடமிருந்து காவியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.