கேம் கேசட் சேகரிப்பு

டிவியுடன் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டியில் செருகும் பிளாஸ்டிக் உறையே கேம் கேசட். உள்ளே நாடா கிடையாது. விளையாட்டு பதிந்த சில்லும் அதைத் தாங்கும் சர்க்யூட் போர்டும் உண்டு. பாட்டுக் கேசட் வீடுதோறும் புழங்கிய நாளில் வந்ததால் தமிழில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

மாற்றிப் போடும் கேசட் முறையை 1976இல் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு சேனல் எஃப் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வெளியானது. 1990களில் இந்திய வீடுகளுக்கு வந்த சாமுராய், மீடியா முதலிய பெட்டிகள் இந்தக் குடும்பத்தவை. காரைக்காலுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இவ்வூரில் பல. ஆனால் அங்கிருந்து பெட்டி வந்தாலும் பயனில்லை; பிரான்சில் விற்ற நிண்டெண்டோ பெட்டி ஸ்கார்ட் என்னும் இணைப்பு வழியாகவே படம் அனுப்பியது. பெரும்பாலும் ஆன்டெனா வழி மட்டுமே இருந்த அன்றைய இந்திய டிவிகளில் அது நேரடியாக ஓடாது. அதன் கேசட்டுக்கு 72 பின். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60. ஒன்று மற்றொன்றில் நுழையாது.

இந்தியாவில் புழங்கிய கேசட்டுகளில் பெரும்பாலானவை நகல்கள். கான்ட்ரா, மாரியோ, பீரங்கி வண்டி ஆட்டம் எல்லாம் ஒரே உறைக்குள் அடைந்திருக்கும். மேலட்டை 9,99,999 ஆட்டங்கள் என்று சொன்னாலும், உள்ளே சில ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். சில்லைப் போர்டிலேயே பொருத்திக் கறுப்புப் பசைத் துளியால் மூடியிருப்பார்கள். கெட்டுப்போனால் மாற்ற வழியில்லை. ஓடாத கேசட்டை வாயால் ஊதிப் போடுவது அன்றைய வைத்தியம். உண்மையில் மூச்சின் ஈரம் பின்களை அரிக்கும். மறுபடி செருகியதுதான் வேலை செய்தது. காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

பழைய கேசட்டுகளின் விலையேற்றம் அசல்களிலிருந்து தொடங்கியது. 2020 ஊரடங்குக்குப் பின் உலகெங்கும் தேவை கூடியது. 2021 ஜூலையில், உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 கேசட் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15,60,000 டாலருக்குப் போனது. அந்தத் தொகை ஆட்டத்துக்கு உரியதன்று, பிரிக்கப்படாத உறைக்கு உரியது; இலட்சக்கணக்கான பிரதிகள் விற்ற அதே கேசட் பிரித்த நிலையில் எளிதாகவே கிடைக்கிறது. உண்மையான அருமைக்கு எடுத்துக்காட்டு 1990ஆம் ஆண்டு நிண்டெண்டோ உலகப் போட்டியின் தங்கநிறக் கேசட், செய்யப்பட்டவையே 26தான். விலை ஏறியதும் போலிகளும் பெருகின. அதனால் கேசட்டின் பிளாஸ்டிக் உறையைத் திறந்து போர்டைப் பார்த்த பிறகே கவனமுள்ள சேகரிப்பாளர்கள் வாங்குகின்றனர்.

இந்திய நகல் கேசட்டுகளுக்கு இப்படிப்பட்ட ஏல விலை இல்லை. ஆனால் ஒரு தலைமுறை இங்கே எதை ஆடியது என்பதற்கு அவையே நேரடிச் சான்று. வரலாற்று மதிப்பில் அவை அசலுக்குக் குறைந்தவை அல்ல. பரணில் அகப்படும் கேசட்டைக் குப்பையில் போடாமல், பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, எந்தக் கடையில் எந்த ஆண்டு வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி அதனுடனேயே வைக்க வேண்டும்.