கஹ்வாவும் கோகோவும்: ஊக்கம் வேறு, போதை வேறு



சாக்லேட்டில் ஊக்கப்பொருள் உள்ளதாமே, அதை உண்ணலாமா? திருவானைக்காவலில் நம் மாணவர்கள் கேட்கும் இவ்வினா புதிதன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு மக்காவில் காப்பியைப் பற்றி இதே வினா எழுந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள், இரவு திக்ரில் உறக்கம் தவிர்க்கக் காப்பி அருந்தினர். அரபியில் 'கஹ்வா' என்பது முன்னர் மதுவின் பெயர்களுள் ஒன்று. அப்பெயரே ஐயத்திற்கும் வித்திட்டது. 1511இல் மக்காவின் முஹ்தஸிப் கைர் பேக், ஆலிம்களையும் மருத்துவர்களையும் கூட்டிக் காப்பியைத் தடை செய்தார். அந்த அவையில் ஒருவர், காப்பி மதுவைப் போன்றே மயக்குகிறது என்று சாட்சி சொன்னாராம். மதுவின் சுவை உமக்கு எவ்வாறு தெரியும் என்று கேட்கப்பட, அவரே தண்டனைக்கு ஆளானார். கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஆயினும் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை, கூடிக் குடித்துக் களிப்பதைத் தடுத்ததே ஒழியப் பானத்தை ஹராமாக்கவில்லை. பின்னர் அப்துல் காதிர் அல்ஜஸீரி, காப்பி ஹலால் என்பதை நிறுவத் தனி நூலே இயற்றினார்.

பதினேழாம் நூற்றாண்டில் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புதன், ஏழு விதைகளைச் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. கோகோவோ 1798இல் ஆங்கிலேயக் கம்பெனியால் நம் குற்றாலத்தில் நடப்பட்டது.

1819இல் காப்பிக்கொட்டையிலிருந்து கஃபீன் பிரித்தெடுக்கப்பட்டது. 1841இல் கோகோவில் தியோபுரோமின் கண்டறியப்பட்டது. நூறு கிராம் கறுப்புச் சாக்லேட்டில் கஃபீன் ஏறத்தாழ 80 மில்லிகிராம். தியோபுரோமின் அதைப் போல் பத்து மடங்கு. முன்னது உறக்கத்தை விரட்டும். பின்னது அதனினும் மென்மையானது. இரண்டும் அறிவை மறைப்பதில்லை. 'கம்ர்' என்னும் சொல்லின் வேரோ 'மறைத்தல்' என்பதே. தீர்ப்பின் அளவுகோல் அங்குதான் உள்ளது.

எனவே சாக்லேட் தன்னளவில் ஆகுமானதே. ஆனால் சிலவற்றின் உள்ளே மது ஊற்றி நிரப்புகின்றனர். உறையில் உள்ள பொருட்பட்டியலைப் படித்து வாங்குவது நம் பொறுப்பு. சிறுவர்க்கு இரவில் மிகுதியாகக் கொடுத்து உறக்கத்தைக் கெடுப்பதும் தகாது. ஆராயாமல் ஹராம் என்பதும், ஆராயாமல் ஹலால் என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.