ஹோமியோபதியும் இயற்கை மருத்துவமும் இந்தியா வந்த வழி

ஹோமியோபதியும் இயற்கை மருத்துவமும் ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் அடுத்தடுத்துத் தோன்றியவை. நோயாளியின் இரத்தத்தை வடிப்பதும் பாதரசத்தைப் புகட்டுவதும் சிகிச்சையாக இருந்த காலத்தில், அதை எதிர்த்து எழுந்தவை. ஒற்றுமை ஏறக்குறைய அத்துடன் முடிகிறது. முன்னது மருந்தை நம்பியது. பின்னது மருந்தையே ஒதுக்கியது.

ஹோமியோபதியை வகுத்த சாமுவேல் ஹானிமன் 1755இல் மைசன் நகரில் பிறந்தவர். முறையாகப் படித்த மருத்துவர். தொழிலில் வெறுப்புற்று, நூல்களை மொழிபெயர்த்துப் பிழைத்துவந்தார். 1790இல் வில்லியம் கல்லனின் மருந்தியல் நூலை மொழிபெயர்த்தபோது, சிங்கோனா பட்டை பற்றிய விளக்கம் அவருக்கு ஒப்பவில்லை. பட்டையைத் தாமே உட்கொண்டார். அந்தப் பட்டை தீர்க்கும் முறைக்காய்ச்சலின் அறிகுறிகளே தம்மிடம் தோன்றியதாகப் பதிவு செய்தார். நலமாக இருப்பவரிடம் ஒரு பொருள் உண்டாக்கும் அறிகுறிகள் எந்த நோயில் தென்படுகின்றனவோ, அந்த நோயை அதே பொருள் தீர்க்கும் என்ற கொள்கை இதிலிருந்து வளர்ந்தது. அதை விரித்துரைக்கும் ‘ஆர்கனான்’ நூல் 1810இல் வெளிவந்தது.

மருந்து தயாரிக்கும் முறைதான் விசித்திரமானது. மூலப்பொருளிலிருந்து எடுத்த தாய்த் திரவத்தில் ஒரு துளியை 99 துளி சாராயத்தில் கலந்து, குப்பியைத் தோல் அட்டைப் புத்தகம் போன்ற ஒன்றின்மேல் தட்டித் தட்டிக் குலுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு துளி மறுபடியும் 99 துளிக்குள் போகும். 30 முறை இப்படிச் செய்து பெறுவதே கடையில் ‘முப்பது’ என்று கேட்டு வாங்கும் வீரியம். 12ஆம் முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருப்பது அரிது. குலுக்கக் குலுக்க ஆற்றல் பெருகும் என்றார் ஹானிமன். வேதியியல் அதை ஏற்கவில்லை. ஆர்சனிக்கும் பாம்பு நஞ்சும் மூலப்பொருள்களில் அடங்கும் என்பதால், இதை மூலிகை வைத்தியமாகக் கருதுவதும் தவறு.

இயற்கை மருத்துவத்துக்கு இப்படி ஒற்றை ஆசான் இல்லை. ஆஸ்திரிய சிலேசியாவின் கிராஃபன்பெர்க்கில் வின்சன்ட் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி மகன், வண்டி ஏறி முறிந்த தம் விலா எலும்புக்கு ஈரத்துணி கட்டித் தேறினார். பிறகு குளிர்ந்த நீரையே சிகிச்சையாக்கினார். பவேரியாவில் செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியார் நீர்ச்சிகிச்சையைப் பரப்பினார். லைப்சிக்கின் லூயி கூனே இடுப்புக் குளியலையும், அடால்ஃப் யுஸ்ட் மண் சிகிச்சையையும் சேர்த்தனர். உடல் தன்னைத் தானே சீராக்கிக்கொள்ளும், அதற்கு இடம் கொடுத்தால் போதும் என்பதே இவர்களுக்குப் பொதுவான எண்ணம்.

இந்தியாவுக்கு இவை வந்த வழிகளும் வேறு. 1839இல் ஹானிக்பெர்கர் என்ற மருத்துவர் லாகூரில் மன்னர் ரஞ்சித் சிங்குக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்தார். அது வேரூன்றியது கல்கத்தாவில். முதலில் அதை எதிர்த்த எம்.டி. பட்டதாரி மகேந்திரலால் சர்க்கார், 1867இல் வெளிப்படையாக அதன் பக்கம் சாய்ந்து, சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். அறிவியலுக்காக அவர் 1876இல் தொடங்கிய கழகத்தில்தான் சி.வி. ராமன் பின்னாளில் தம் ஆய்வுகளைச் செய்தார். தெற்கே, மங்களூரின் கங்கநாடியில் பாதிரியார் அகஸ்டஸ் முல்லர் 1880இல் ஏழைகளுக்கான ஹோமியோபதி மருந்தகத்தைத் திறந்தார்.

இயற்கை மருத்துவத்துக்கு வாய்த்தவர் காந்தி. கூனேயையும் யுஸ்டையும் படித்து, ஈரமண் பட்டியைத் தம் வயிற்றிலேயே கட்டிப் பார்த்தவர். 1946இல் புனே அருகே உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமத்துக்கு வித்திட்டார்.

சான்று என்று பார்த்தால் இரண்டும் ஒரே நிலையில் இல்லை. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன்படுவதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வுக் குழுமம் 2015இல் அறிவித்தது. இயற்கை மருத்துவம் வலியுறுத்தும் அளவான உணவு, நடை, உறக்கம் ஆகியவற்றைப் பொது மருத்துவமும் ஒப்புகிறது. பட்டினியும் மண்ணும் கடும் நோய்களைத் தீர்க்கும் என்பதை ஒப்புவதில்லை.

ஹோமியோபதிக்கு நாடாளுமன்றம் 1973இலேயே தனிச்சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் திருமங்கலம் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி 1975இலும், சென்னை அரும்பாக்கத்து அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி 2000இலும் தொடங்கப்பட்டன. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து இரண்டுமே ஐந்தரை ஆண்டுப் படிப்புகள்.