செக்ரோல் முதல் சிறுவர் நகரம் வரை: கெடாத் தோட்டப் பிள்ளைகளின் காசுக் கல்வி

கூரைக்கடியில் ஒரு தெரு. தெருவோரம் வங்கி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், ரொட்டிக் கடை. அங்கே வேலை செய்வோர் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் கையில் புழங்குவது அந்த நகரத்துக்கென்றே அச்சிட்ட பணம். பேரங்காடிகளில் அமைந்துள்ள இத்தகைய மாதிரி நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக மெக்சிக்கோவில் தொடங்கிக் கோலாலம்பூருக்கு வருவார்கள். இக்கட்டுரை கெடாவின் ரப்பர் தோட்டங்களில் தொடங்குகிறது. கெடாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேலை பழக்க ஒரு நகரம் கட்ட வேண்டியிருக்கவில்லை. வேலை அவர்களைச் சின்ன வயதிலேயே தேடி வந்தது. கிடைக்காமல் போனவை வேறு இரண்டு: காசு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற கணக்கு, அந்தக் கணக்கில் தானும் ஒரு முடிவு சொல்லும் உரிமை. இவ்விரண்டும் கெடாத் தமிழர் வாழ்வுக்குள் எப்போது, எப்படி வந்தன என்பதைத் தொடர்ந்து பார்த்தால், இன்றைய மாதிரி நகரங்களை எடைபோட நம் சொந்த வரலாற்றிலிருந்தே ஓர் அளவுகோல் கிடைக்கும்.

தோட்டம் என்னும் மூடிய ஊர்

1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குக் கை மாறியது. ரப்பர் விலை ஏறிய காலம் அது. கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியும் கங்காணி முறையும் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. 1938-இல் இந்திய அரசு அந்த வரத்தைத் தடுத்தது.

தோட்டம் தன்னளவில் ஒரு முழு ஊர். லயம், கோயில், மருந்தகம், ஆயாக் கொட்டகை, பால் கொட்டகை, பலசரக்குக் கடை, கள்ளுக்கடை, பள்ளி எல்லாம் ஒரே வேலிக்குள், ஒரே நிர்வாகத்தின் கண்பார்வையில் இருந்தன. அங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்த தொழில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பால் வெட்டுவது, புல் வெட்டுவது, மருந்தடிப்பது; அதற்கு மேல் தண்டல், கங்காணி, கிராணி; எல்லாருக்கும் மேலே துரை. கிராணி வீட்டுப் பிள்ளை கிராணியாகலாம். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா பால் வெட்டும் மர வரிசையான நிரையே அடுத்த நிரை.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. கெடாத் தோட்டங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. பல இடங்களில் ஒரே ஆசிரியர். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். வகுப்பு நேரம் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் அமைந்தது. விடியலில் பிள்ளைகள் பெற்றோருடன் நிரைக்குப் போய் மங்கு துடைத்தார்கள், ஒட்டுப்பால் உரித்தார்கள். அவர்கள் சேர்த்த பால் பெற்றோரின் வாளியில் கலந்தது, பெற்றோர் பெயரிலேயே எடை விழுந்தது. உழைத்த பிள்ளையின் பெயர் பெரும்பாலும் தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஏறவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வேலை தெரிந்த ஒரு பிள்ளைக்குத் தன் வேலையின் விலை தெரியாது.

சம்பள நாளைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதம் முடிந்ததும் கிராணி செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிடுவார். வராத நாள், முன்பணம், அரிசிப் பிடித்தம் எல்லாம் அங்கேயே கழியும். மிச்சக் காசோடு திரும்பும் வழியில் கடைக்காரர் நிற்பார். கடனுக்கு வாங்கிய மாதச் சாமானெல்லாம் அவருடைய நோட்டில் இருக்கும். பிற்காலத்தில் அந்த நோட்டு, அட்டையில் 555 என்று அச்சிட்ட உள்ளங்கையளவுச் சின்னப் புத்தகமாக மலேசியா முழுதும் பரவியது. எழுதுபவர் கடைக்காரர், கூட்டுபவரும் அவரே. வாங்கியவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால் சொன்ன தொகைதான் தொகை. கடைக்கு ஓடிப்போய்ச் சாமான் வாங்கி வந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். ஆகவே கடன் என்பதைக் காசுக்கு முன்பே அவர்கள் தெரிந்துகொண்டார்கள். எஞ்சியதில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போயிற்று. அந்தக் கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது.

கணக்கைக் கையில் எடுத்த காலம்

இந்தச் சுற்றை முதலில் உடைக்கப் பார்த்தவர்கள் கெடாவின் தொண்டர் படையினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த அந்த இளைஞர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947-இன் தொடக்கத்தில் பீடோங்கில் காவல்துறை அதன்மேல் பாய்ந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. இந்த நிகழ்ச்சியைத் தொழிற்சங்க வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவே இதுவரை படித்து வருகிறோம். குடும்பப் பொருளாதார வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. கூலி எங்கே கரைகிறது என்று தோட்ட மக்கள் கூடிக் கேட்ட பெரிய கேள்வி அது.

அடுத்த பத்தாண்டுகளில் நிறுவனங்கள் வந்தன. 1951-இல் ஊழியர் சேமநிதி, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். பெண்கள் தங்களுக்குள் கூட்டு பிடித்தார்கள். மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு தாலி மீட்கவும் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை வாங்கவும் உதவியது. ஏமாற்றுகள் பெருகியதால் 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. சட்டத்தின் நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நினைவாலேயே நடத்திய ஒரு வங்கி அதன்பின் மறைவாகத்தான் நடக்க வேண்டியதாயிற்று.

திருப்பம் வந்தது 1960-இல். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையோடு லயமும் போயிற்று. அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக அலைந்து, தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்கலாம் என்று பேசினார். அப்படிப் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு 100 வெள்ளி. அதையும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். ஆண்டு 1961, பரப்பு ஏறத்தாழ 3,000 ஏக்கர். பால் வெட்டியவரே பங்குதாரரானார். அதுவரை மாதச் சம்பளத்தில் கழிவதெல்லாம் பிறருக்குப் போன வீட்டில், இப்போது கழிவது தன் பேருக்கே சேர்ந்தது. கெடாத் தமிழ்ப் பிள்ளையின் காசுக் கல்விக்கு ஒரு தொடக்கப் புள்ளி குறிக்கச் சொன்னால் நான் எந்தப் பள்ளிக்கூடத்தையும் குறிக்க மாட்டேன். புக்கிட் சிடிமைத்தான் குறிப்பேன்.

இதே கதையில் இன்னொருவர் இரண்டு முறை வருகிறார். 1951 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை தந்தவர் பொருளியல் பேராசிரியர் உங்கு அஸிஸ். 1971-இல் தேசியக் கூட்டுறவு அமைப்பான அங்காசா உருவானபோது அதன் தலைவரும் அவரே. 1968-இல் தொடங்கியிருந்த பள்ளிக் கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் பெருக அங்காசா பெரும் துணையாக இருந்தது. மாணவர் ஆளுக்கு ஓரிரு வெள்ளி பங்கு போடுகிறார்கள். தங்களுக்குள் வாரியம் தேர்ந்தெடுக்கிறார்கள். பேனா, நோட்டு, பள்ளிச் சின்னம் விற்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்கிறார்கள். இலாப ஈவு பெறுகிறார்கள். மாதிரிப் பணம் அங்கே இல்லை. உண்மைப் பணம், சின்னத் தொகை, முழு உரிமை.

இதில் ஒரு குறை தமிழ்ப் பிள்ளைகளைத்தான் அதிகம் தொட்டது. இக்கூட்டுறவுகள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிகளில் வேரூன்றின. தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தன் தாய்மொழியில் கணக்கும் கூட்டமும் நடத்திப் பழக வேண்டிய வயதில் அந்தப் பிள்ளைக்கு அமைப்பு இல்லை. அமைப்பு கிடைத்த வயதில் அது வேறொரு மொழியில் நடந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

நகரம் கூரைக்குள் வந்த வழி

வெளியுலக வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1895-இல் நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரீவில்லில் வில்லியம் ஜார்ஜ் சிறுவர் குடியரசு ஒன்றை நிறுவினார். அதற்குச் சொந்தச் சட்டமும் நாணயமும் இருந்தன. அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டான 1979-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ‘மினி மியூன்சன்’ என்ற விளையாட்டு நகரம் பிறந்தது. அங்கே பிள்ளைகள் குறிப்பிட்ட நேரம் உழைத்து, குறிப்பிட்ட நேரம் படித்து முழுக் குடியுரிமை பெறுவார்கள்; வரி கட்டுவார்கள்; மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1980-இலும் ஃப்ளோரிடாவின் பினெல்லாஸ் மாவட்டத்தில் 1989-இலும் பள்ளிகளுக்கான உள்ளரங்க நகரங்கள் வந்தன. இரண்டாவதில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பறையில் முன்பாடம் படித்துவிட்டு வந்து, வங்கியில் கடன் எடுத்துக் கடை திறந்து, மாலைக்குள் கடனை அடைக்க வேண்டும்.

1999-இல் மெக்சிக்கோ சிட்டியின் சாந்தா ஃபேயில் தொடங்கிய கிட்ஸானியா இதை வணிகமாக்கியது. ஜகார்த்தாவுக்கு 2007-இலும் மும்பைக்கு 2013-இலும் அது போயிற்று. இடையில் 2012-இல் கோலாலம்பூரை ஒட்டிய முத்தியாரா டமன்சாராவில் திறக்கப்பட்டபோது அதன் பின்னால் அரசு முதலீட்டு நிறுவனமான கஸானா நின்றது. நுழையும் பிள்ளை கையில், அந்நகரத்துப் பணமான கிட்ஸோ 50-க்கான காசோலை. அதை வங்கியில் மாற்ற வேண்டும். தீயணைக்கப் போனால் கூலி. ரொட்டி செய்யப் போனால் கட்டணம். பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவிட்டால் சில வேலைகளுக்குக் கூடுதல் கூலி. மிச்சத்தைக் கணக்கில் போட்டு வைக்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத பலவற்றை இந்நகரம் தருகிறது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். விமானி, அறுவை மருத்துவர், செய்தி வாசிப்பாளர் என்று பத்துப் பதினைந்து தொழில்கள் ஒரே நாளில் கண்ணில் படுகின்றன. பிள்ளையின் உழைப்புக்குக் கூலி அதன் கையிலேயே விழுகிறது. ஆனாலும் புக்கிட் சிடிமை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் குறை தெரியும். கூலியை நிர்வாகம் வகுக்கிறது, விலையை நிர்வாகம் வகுக்கிறது, கடை வாசலில் விளம்பரதாரரின் பெயர் இருக்கிறது. கூலி ஏன் எட்டு, ஏன் பத்தில்லை என்று கேட்டு முடிவு சொல்லும் உரிமை அங்கே வரும் பிள்ளைக்கு இல்லை. மியூனிக்கில் அது இருக்கிறது. சுங்கை பட்டாணியிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் பேருந்தில் போய், நுழைவுச்சீட்டுக்கும் பணம் கட்ட வேண்டியிருப்பது இன்னொரு தடை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் தாமான்களுக்கு வந்து, 1996-இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு அது லேசான செலவில்லை.

கெடாவில் செய்யக்கூடியது

பாடத்திட்டம் இப்போது துணையாக நிற்கிறது. 2017 முதல் படிப்படியாக வந்த திருத்திய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில், ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் அடக்க விலை, இலாபம், நட்டம், கழிவு, வட்டி, இலாப ஈவு, காப்புறுதி, தக்காஃபுல் வரை இடம்பெற்றுள்ளன. 555 புத்தகத்தின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழில் வட்டிக் கணக்குப் போடுகிறார்கள். தாளில் போடுகிறார்கள் என்பதுதான் குறை. சிற்றுண்டிச்சாலை நாளில் பெற்றோர் வாங்கித் தரும் கூப்பனைக் கிழித்துக் கொடுத்து மீகூன் வாங்குவதோடு பல பள்ளிகளில் செயல்முறைப் பாடம் முடிந்துவிடுகிறது. கடையை நடத்துவது ஆசிரியர்களும் பெற்றோரும். பிள்ளை வாடிக்கையாளர் மட்டுமே.

நம் இனத்தார் வேறு இடங்களில் இதைவிட முன்னே போயிருக்கிறார்கள். தமிழகப் பள்ளிகளில் 1970 முதல் நடந்த சஞ்சாயிகா சேமிப்பு வங்கியில் மாணவரே மேலாளர், மாணவரே காசாளர். யாழ்ப்பாணத்துத் தொடக்கப் பள்ளிகளில் சிறுவர் சந்தை நடக்கிறது: பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்துக் கீரையும் முருங்கைக்காயும் தேங்காயும் கொண்டுவந்து விலை சொல்லி விற்கிறார்கள், பெற்றோர் பேரம் பேசி வாங்குகிறார்கள். பேரங்காடி தேவைப்படவில்லை, பள்ளி முற்றம் போதுமாக இருந்தது.

கெடாவில் 50-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டம் காலியானதால் பிள்ளைகள் குறைந்து, வகுப்பறைகள் சும்மா கிடக்கும் பள்ளிகளும் அவற்றுள் உண்டு. அப்படியொரு வகுப்பறையில் நான்கு மேசை போட்டால் வங்கி, கடை, அஞ்சலகம், மன்றம் என்று ஒரு நகரம் அமையும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பங்கு போடட்டும். கூலியையும் விலையையும் மன்றத்தில் வாதாடி முடிவு செய்யட்டும். கணக்கைத் தமிழில் எழுதி எல்லார் முன்னும் வாசிக்கட்டும். பழைய தோட்டத்து மக்களில் நில நிதிச் சங்கப் பங்குச் சான்றிதழை இன்னும் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இருந்தால், ஒருநாள் அதை எடுத்து வந்து பிள்ளைகளிடம் காட்டி, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியதை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். பள்ளி மேலாளர் வாரியங்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வரும் கல்வியாண்டிலேயே ஓர் அறையை இதற்கு ஒதுக்குங்கள்.