மார்ஃபீன் மூளையை எட்டும் வழி

மத்தியப் பிரதேசத்தின் நீமச் வட்டாரத்தில், அரசு உரிமம் பெற்ற வயல்களில் கசகசாக் காய்களைக் கீறிவிடுகிறார்கள். கசியும் பால் இரவோடு பழுப்பேறி இறுகுகிறது. மறுநாள் காலையில் சுரண்டிச் சேர்த்த அந்த அபின் நீமச், காஜிப்பூர் அரசு ஆலைகளுக்குச் செல்கிறது. அபினிலிருந்து மார்ஃபீனை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் பாடர்போர்னில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த செர்ட்யூர்னர். ஆண்டு 1805 வாக்கில்.

வலி தாங்காத புற்றுநோயாளி விழுங்கும் மார்ஃபீன் மாத்திரை குடலில் கரைகிறது. அங்கிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. மார்ஃபீனின் பெரும்பகுதி அங்கேயே வேதிமாற்றம் அடைய, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மாறாமல் உடல் முழுதும் ஓடும் ரத்தத்தில் கலக்கிறது.

அதற்கு அப்பால்தான் கடினமான கட்டம். மற்ற உறுப்புகளில் நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கிடையே சிறு இடைவெளிகள் உண்டு. மூளையில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருக்கின்றன. இதை ரீஸ், கர்னாவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். இதுவே ரத்த–மூளைத் தடுப்பு. சந்து இல்லாததால் மருந்து செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்துதான் கடக்க வேண்டும். மார்ஃபீனிலுள்ள இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை நாடுபவை. கொழுப்பில் எளிதில் கரையவிடாதவை. உள்ளே நுழைந்த மூலக்கூறுகளிலும் பலவற்றை, சுவரிலுள்ள பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடுகிறது.

அந்த இரு தொகுதிகளையும் அசெட்டைல் கொண்டு மூடினால் கிடைப்பது ஹெராயின். 1972இல் ஓல்டன்டார்ஃப் குழுவினர் எலிகளின் கழுத்துத் தமனியில் மார்ஃபீன், ஹெராயின், இதே வகை மருந்தான கோடீன் ஆகியவற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். சில நொடிகளில் ஹெராயினில் 68 சதவீதம் மூளைக்குள் போயிருந்தது. கோடீன் 24 சதவீதம். மார்ஃபீனோ அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. உள்ளே போன ஹெராயின் மீண்டும் மார்ஃபீனாகவே மாறுகிறது. சேருமிடம் ஒன்றுதான், வேகம்தான் வேறு. கொழுப்பில் நன்கு கரையும் ஃபென்டனில் என்ற வலிநீக்கி, சிரையில் செலுத்திய ஓரிரு நிமிடங்களில் வேலை செய்கிறது. அளவு மீறினால் அதே விரைவில் மூச்சை அடக்குகிறது.

வயிற்றுப்போக்குக்குத் தரும் லோபரமைடும் மார்ஃபீனைப் போல ஓபியாய்டு வகைதான். உரிய அளவில் அது மயக்கம் தருவதில்லை. தடுப்பிலுள்ள பம்பு அதை மூளைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அந்தப் பம்பு மரபணுவிலேயே பழுதான கோலி இன நாய்களுக்கு இதே மருந்து நஞ்சாகிறது.

தடுப்பைக் கடந்த மார்ஃபீன் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மியூ ஏற்பிகளில் பொருந்தி, வலிச் செய்தியைத் தணிக்கிறது. கல்லீரலில் பிறந்த மார்ஃபீன்-6-குளுக்குரோனைடும் மெல்ல உள்ளே நுழைந்து வலியைக் குறைக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இது உடலில் தேங்கும் என்பதால் மருத்துவர்கள் அளவைக் குறைக்கிறார்கள்.

மூளையைச் சட்டென எட்டும் மருந்து போதைக்கு எளிதில் பழக்கிவிடும். வாய்வழி மார்ஃபீன் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும், மூச்சைக் கவனிக்கவும் இந்த நிதானம் இடம் தருகிறது. ஆகவே போதைப்பொருளின் பெயரைச் சொல்லி, வலியில் துடிப்பவருக்கு இந்த மாத்திரையை மறுப்பது அறியாமை. மார்ஃபீனைக் கண்டு அஞ்சும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.