லொய்தொங்பம் ஆஷாலதா தேவி

லொய்தொங்பம் ஆஷாலதா தேவி (பிறப்பு: 3 ஜூலை 1993, இம்பால், மணிப்பூர்) இந்திய மகளிர் உதைபந்தாட்ட அணியின் பின்கள வீராங்கனை; பல ஆண்டுகள் அதன் தலைவியாகவும் இருந்தவர். 2011இல் தேசிய அணிக்கு வந்தார். 2024 ஒக்டோபர் 17ஆம் திகதி காத்மண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராகக் களம் இறங்கியபோது, 100 சர்வதேசப் போட்டிகளை எட்டிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

அந்த நூறை அதன் காலத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். அமெரிக்கப் பின்கள வீராங்கனை கிறிஸ்டி ராம்போன் 1997இலிருந்து 2015வரை 311 போட்டிகளில் ஆடினார். ஆஷாலதாவுக்கு நூறைத் தொடவே பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. இடையில் அவர் அணியிலிருந்து விலக்கப்பட்டிருந்தார் என்பதல்ல காரணம். அணிக்கே ஆட்டம் இல்லை. அவர் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2009இல், நீண்ட காலம் எந்தப் போட்டியிலும் ஆடாததால் இந்திய மகளிர் அணியின் பெயரே பீபா தரவரிசையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. தெற்காசியாவில் ஒரு பெண் நீண்ட காலம் நிலைத்து ஆடினாள் என்றால், ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் நடுவே வந்த வெறுமையான மாதங்களைத் தாண்டினாள் என்றும் அதற்குப் பொருள்.

பின்னணி

இந்திய மகளிர் உதைபந்தாட்டத்தின் வரலாற்றில் பாதி மணிப்பூருக்குச் சொந்தம். தேசிய மகளிர் சம்பியன்ஷிப்பை மிக அதிக தடவை வென்ற மாநிலம் அது. பத்மஸ்ரீ பெற்ற ஒய்னம் பெம்பெம் தேவி, 2020இல் ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்துடன் ஒப்பந்தமான பாலா தேவி ஆகியோர் வந்த வரிசையில்தான் ஆஷாலதாவும் வந்தார்.

இம்பால் மலை சூழ்ந்த ஊர் என்றதும் மலையக வாசகருக்குத் தம் ஊர் நினைவுக்கு வரலாம். உயரத்தில் இம்பால் நமக்குக் கீழேதான்: அது ஏறக்குறைய 780 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். கவனிக்க வேண்டியது மைதானம் யாருடையது என்பது. இம்பாலில் லெய்காய் எனப்படும் குடியிருப்பு வட்டாரங்களிலேயே கழகங்கள் வேரூன்றியிருக்கின்றன. பிள்ளைகள் பந்தோடு வளர்வது அங்கேதான். நம் பக்கத்திலோ தரவளையிலும் ரதல்லையிலும் புல் வளர்த்துப் பேணப்பட்ட மைதானங்கள் தோட்டத் துரைமாரின் கிரிக்கெட்டுக்கும் றகருக்குமாக எழுந்தவை. லயத்துப் பிள்ளைகள் அவற்றை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். இலங்கையில் பெண்கள் உதைபந்தாட்டம் பிடித்து நின்றது பெரும்பாலும் முப்படை அணிகளிலும், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி போன்ற சில பாடசாலைகளிலும்தான்.

தேசிய அணியில்

ஆஷாலதாவின் தொடக்க ஆண்டுகளில் இந்தியா பிராந்தியத்துக்குள் அசைக்க முடியாத அணி. பிராந்தியத்துக்கு வெளியே கால் வைத்தால் சிதறிவிடும். 2010இலிருந்து 2019வரை நடந்த ஐந்து சாஃப் (தெற்காசிய) மகளிர் சம்பியன்ஷிப் போட்டிகளையும் இந்தியாவே வென்றது. அதில் ஒன்று கொழும்பில், 2012 செப்டெம்பரில்: இறுதியாட்டத்தில் நேபாளத்தை 3-1 என்று வீழ்த்தியது. இரண்டு ஆண்டு கழித்து இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் மாலைதீவை 15-0 என்று நொறுக்கிய அதே அணி, தென் கொரியாவிடமும் தாய்லாந்திடமும் தலா பத்துக் கோல்கள் வாங்கியது. பின்களத்தில் நிற்பவருக்கு இந்த இரண்டு வகை ஆட்டமும் தண்டனைதான். முதலாவதில் தொண்ணூறு நிமிடமும் வேலை இல்லை. மற்றதில் மூச்சு விட நேரம் இல்லை. தடுப்பாட்டம் உண்மையில் பழகுவது சமபலம் உள்ள அணிகளோடு மோதும்போது. அந்த ஆட்டங்கள்தான் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை.

2018-19 காலப்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. பயிற்றுநர் மேமோல் ரொக்கியின் கீழ் அணி ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியின் இரண்டாம் சுற்றுக்கு முதல் தடவையாக முன்னேறியது. 2019 ஏப்ரலில் மாண்டலேயில் இந்தோனேசியாவையும் நேபாளத்தையும் வென்று, மியன்மாருடன் 3-3 எனச் சமநிலை கண்டது. கோல் வித்தியாசத்தில் மட்டுமே வெளியேறியது. அந்தப் பருவத்துக்கான இந்தியாவின் சிறந்த மகளிர் வீராங்கனை விருது ஆஷாலதாவுக்குக் கிடைத்தது. கோல் அடிப்பவர்களே வழக்கமாகக் கொண்டுபோகும் விருது ஒரு பின்கள வீராங்கனைக்குப் போனது தனியாகக் குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு டிசம்பரில் பொக்கராவில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவிலும் இந்தியா தங்கம் வென்றது.

2021 நவம்பர் 25இல் பிரேசிலின் மனௌஸ் நகரில் அந்நாட்டு அணியுடன் நடந்த ஆட்டத்தை முடிவைக் கொண்டு மட்டும் படித்தால் தோல்வி: 6-1. ஏழு உலகக் கிண்ணத் தொடர்களில் ஆடிய பிரேசில் வீராங்கனை போர்மிகாவின் பிரியாவிடை ஆட்டம் அது. ஆஷாலதாவின் தலைமையில் இறங்கிய இந்தியாவுக்காக மனீஷா கல்யாண் ஒரு கோல் திருப்பினார். ஒரு காலத்தில் பத்துக் கோல்கள் வாங்கிய பின்களத்துக்கு அது புதிய பாடம்.

2022 ஜனவரி

ஆஷாலதாவின் பயணத்தில் மிகப் பெரிய மேடை அவருடைய சொந்த நாட்டிலேயே அமைந்தது; அமைந்த வேகத்தில் சரிந்தும் போனது. ஆசியக் கிண்ணத்தை இந்தியா நடத்தியது. காலிறுதிக்குள் போனால் 2023 உலகக் கிண்ணத்துக்கான கதவு திறக்கும். பயிற்றுநர் சுவீடனின் தோமஸ் டென்னர்பி. ஜனவரி 20இல் நவி மும்பையில் ஈரானுடன் முதல் ஆட்டம். பின்கள நடுவே ஆஷாலதாவும் ஸ்வீட்டி தேவியும் நின்றனர். ஈரானுக்குக் கோல் இல்லை, இந்தியாவுக்கும் இல்லை. 0-0.

அடுத்த ஆட்டம் 23ஆம் திகதி, சீன தாய்ப்பேயுடன். அதற்குள் அணிக்குள் கொவிட் பரவிவிட்டது. ஆடத் தேவையான குறைந்தபட்சம் 13 பேரைக்கூடத் திரட்ட முடியவில்லை. ஆட்டம் நடக்கவில்லை, விதிப்படி இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டது. ஈரானுடன் ஆடிய அந்த ஒரே ஆட்டத்தின் முடிவும் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. கோல் வாங்காமல் பின்களம் காத்த தொண்ணூறு நிமிடம் புள்ளிப்பட்டியலில் தடமே இல்லாமல் போனது.

அதே ஆண்டு செப்டெம்பரில் சாஃப் போட்டியிலும் அடி விழுந்தது. அதுவரை சாஃபில் தோற்றறியாத இந்தியா, பங்களாதேஷிடம் 3-0 எனத் தோற்று, அரையிறுதியில் நேபாளத்திடமும் ஒரு கோலால் தோற்றது.

கழகங்கள்

மாலைதீவின் நியூ ரேடியன்ட் கழகத்துக்காக ஆடியது ஆஷாலதாவின் வெளிநாட்டு அனுபவம். இந்திய மகளிர் லீக்கில் அவர் பெயர் அதிகம் ஒலித்தது கோகுலம் கேரளாவில். 2022 மே 26இல் புவனேஸ்வரில் பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டத்தில் எதிரே நின்றது மதுரையின் சேது அணி, அதாவது 2019இன் சம்பியன். சேது மூன்றாம் நிமிடத்திலேயே முந்தியது. 14ஆம் நிமிடத்தில் பெனல்டியை எடுத்துச் சமப்படுத்தியவர் ஆஷாலதா. முடிவில் கோகுலம் 3-1 என்று வென்றது. அடுத்த ஆண்டும் கிக்ஸ்டார்ட் அணியை இறுதியாட்டத்தில் 5-0 என்று வீழ்த்திப் பட்டத்தைத் தக்கவைத்தது.

இடையில் ஒரு கசப்பு. 2022 ஓகஸ்டில் ஆசியக் கழகங்களுக்கான மகளிர் போட்டிக்கு கோகுலம் தாஷ்கண்ட் போய் இறங்கிய வேளையில் பீபா இந்திய சம்மேளனத்தை இடைநிறுத்தியது. தடை பன்னிரண்டு நாட்களுக்குள் நீங்கிவிட்டது. ஆனால் கோகுலம் ஒரு ஆட்டமும் ஆடாமலே திரும்பியது. ஐந்து மாதம் கழித்து, 2023 ஜனவரியில், இலங்கை சம்மேளனத்துக்கும் அதே கதி. இங்கே தடை ஓகஸ்ட்வரை நீண்டது. நிர்வாகிகளின் சண்டைக்கு விளையாடுபவர்கள் ஆண்டுகளைக் கட்டணமாகச் செலுத்துவது பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒன்றுதான்.

நூறாவது போட்டியும் பின்னரும்

காத்மண்டுவின் தசரத் அரங்கில் பாகிஸ்தானை இந்தியா 5-2 என்று வென்ற அந்நாளில் பாலா தேவியும் தமது 50ஆவது சர்வதேசக் கோலை அடித்தார். மணிப்பூரின் இரு மூத்தவர்கள் ஒரே ஆட்டத்தில் இரு மைல்கற்களைக் கடந்தனர். பத்து நாள் கழித்து அதே சாஃப் போட்டியின் அரையிறுதி, நேபாளத்துடன். சங்கீதா பாஸ்போரின் கோலால் இந்தியா முந்தியது. இந்திய வீராங்கனைகள் கொண்டாடிக்கொண்டிருக்க, நேபாளம் பந்தை வேகமாகத் தொடங்கி வலைக்குள் அனுப்பியது. மத்தியஸ்தர் அதை ஏற்கவில்லை. வாக்குவாதத்தில் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றது. மீண்டும் தொடங்கியதும் சமநிலைக் கோலை அடித்தவர் சபித்ரா பண்டாரி, கோகுலத்தில் ஆஷாலதாவோடு ஒரே சட்டை அணிந்தவர். பெனல்டி உதைகளில் நேபாளம் 4-2 என்று வென்றது.

2024இல் ஆஷாலதா கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்றுநர், கோகுலத்தில் அவரோடு பட்டம் வென்ற அதே அந்தோனி அன்ட்ரூஸ். 2025 ஏப்ரலில் ஈஸ்ட் பெங்கால் தனது முதல் மகளிர் லீக் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு ஜூலை 5இல் சியாங் மாயில், சங்கீதா பாஸ்போரின் இரண்டு கோல்களால் தாய்லாந்தை 2-1 என்று வென்ற இந்தியா, தகுதிகாண் சுற்றின் வழியே முதன்முதலாக ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. அந்த அணியின் தலைவி ஸ்வீட்டி தேவி. ஈரானுக்கு எதிரான ஆட்டத்தில் ஆஷாலதாவின் பக்கத்தில் நின்றவர்.